பேர் தெரியாம பறிக்காதீங்க

சேலத்துல படிக்கிற யாரா இருந்தாலும் நாலு வருஷத்துல ஒரு தடவையாவது ஏற்காடு போயிருப்பீங்க. அடிவாரத்துல டீ, 20 கொண்டை ஊசி வளைவு, ஏரியில போட்டிங், லேடீஸ் சீட்ல குரூப் ஃபோட்டோ, வரும்போது ஒரு பாக்கெட் காபித் தூள். இப்ப ஒரு சின்னக் கேள்வி. ஏறுற வழியில ரோட்டோரமா நின்ன செடிகள்ல அஞ்சுக்குப் பேர் சொல்லுங்க. காபி, மிளகு, ரோஜா கணக்குல வராது.

நான் முயற்சி பண்ணிப் பார்த்தேன். ஒண்ணு கூட வரல. எல்.கே.ஜி-ல இருந்து இங்கிலீஷ் மீடியம். டாஃபடில்னு ஒரு மஞ்சப் பூ இருக்குன்னு ஸ்கூல்லயே தெரியும், ஆனா அதை நேர்ல பார்த்ததே இல்ல. கிரவுண்டுக்குப் போயிட்டு வந்தா பேன்ட்டு முழுக்க ஒட்டிக்கிட்டு வருமே ஒரு முள்ளு விதை, அந்தச் செடிக்குப் பேர் நாயுருவின்னு தெரிஞ்சது 21 வயசுல.

இது ஏதோ தமிழ்ப் பற்றுப் புலம்பல்னு நினைச்சு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. நான் பேச வந்தது வெயில் அச்சு பத்தி. அதுல நான் செஞ்ச ஒரு தப்பு பத்தியும்.

வெயில்ல படம் எடுக்கிறது எப்படி?

கேமரா வேண்டாம், லென்ஸ் வேண்டாம். வெயில் பட்டா நிறம் மாறுற ஏதாவது ஒண்ணைத் தாள்ல பூசணும். காஞ்சதும் மேல ஒரு இலையை வெச்சு, கண்ணாடியால அழுத்தி, வெயில்ல வைக்கணும். இலை மறைச்ச இடம் ஒரு நிறம், வெயில் பட்ட இடம் இன்னொரு நிறம். அவ்வளவுதான் விஷயம்.

இதுல பிரபலமான வழி சயனோடைப். 1842-ல ஜான் ஹெர்ஷல்ங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடிச்சது. அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ரெண்டையும் கலந்து பூசுவாங்க. புற ஊதாக் கதிர் பட்டதும் ஃபெரிக் இரும்பு ஃபெர்ரஸா மாறி, பிரஷ்யன் நீலம் உருவாகும். தண்ணியில அலசினா வெயில் படாத இடத்துல இருக்கிற கெமிக்கல் கரைஞ்சு போய் வெள்ளையாயிடும். சிவில், மெக்கானிக்கல் மக்களே, நம்ம பாடத்துல வர்ற ப்ளூபிரிண்ட் இதேதான். இலைக்குப் பதிலா டிராயிங் ஷீட்டை வெச்சு காப்பி எடுத்தாங்க, நீலத் தாள்ல வெள்ளைக் கோடு விழுந்துச்சு, பேரும் அப்படியே நின்னுடுச்சு.

இன்னொரு வழி ஆந்தோடைப். இதுல கெமிக்கல் பாட்டில் எதுவும் வேண்டாம், செடியோட சாறே போதும். அதே ஹெர்ஷல் அதே 1842-ல பூச்சாறும் இலைச்சாறும் வெயில்ல எப்படி வெளுக்குதுன்னு சோதிச்சு, ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை கொடுத்தார்.

ஆனா உண்மையைச் சொன்னா இந்த அறிவியல் நம்ம வீட்டுல எல்லாருக்கும் தெரியும். வெள்ளைச் சட்டையில சாம்பார் கொட்டினா அம்மா என்ன சொல்லுவாங்க? "வெயில்ல போடு, மஞ்சக் கறை போயிரும்." மஞ்சள்ல இருக்கிற குர்குமின் வெயில்ல சிதையுது, கறை வெளுக்குது. ஆந்தோடைப்போட அடிப்படையே அதுதான். அதே கறையில சோப்பு பட்டா சிவக்கும், பார்த்திருப்பீங்க. ஆரத்திக்கு மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு கலந்தா சிவக்கிறதும் அதே காரணம்தான், காரம் பட்டா குர்குமின் நிறம் மாறும்.

அதனால முதல்ல முயற்சி பண்றவங்களுக்கு மஞ்சள்தான் சுலபம். மஞ்சத் தூளை சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல கலக்கி, வடிகட்டி, வெயில் வராத ரூம்ல டிராயிங் ஷீட்ல பூசிக் காய வைங்க. ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க. இலையை வெச்சு, கண்ணாடி போட்டு மொட்டை மாடியில வைங்க. சேலத்து ஏப்ரல் வெயிலுக்கு ரெண்டு மூணு மணி நேரம் போதும். அப்புறம் சுண்ணாம்புத் தண்ணி தெளிஞ்சதும் மேலாப்புல எடுத்து மெல்லத் தடவினா, இலை மறைச்ச இடம் மட்டும் செங்காவி நிறத்துல எழும்பி வரும். கையில கிளவுஸ் போட்டுக்குங்க. முதல் தடவை அதைப் பார்க்கிறப்ப வர்ற சந்தோஷம் எந்த ஃபில்டர்லயும் கிடைக்காது.

வெறும் பச்சை இலைச்சாறுலயும் பண்ணலாம். பசலைக்கீரைச் சாறு நல்லா வரும். ஆனா பச்சையம் வெளுக்க நாள் கணக்குல ஆகும். எனக்கு ஒரு தாளுக்கு 9 நாள் ஆச்சு.

நான் செஞ்சது

போன வருஷம் எங்க கிளப்ல 38 பேர் ஒரு பஸ் பிடிச்சு ஏற்காடு போனோம். பிளான் ரொம்ப சயின்டிஃபிக். ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1,500 மீட்டர். உயரம் 1,000 மீட்டர் கூடினா புற ஊதா ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். அப்போ மலையிலயே செடி பறிச்சு, மலையிலயே வெயில்ல வெச்சா சீக்கிரம் முடிஞ்சிரும். கணக்கு கரெக்ட். போன அன்னைக்கு மலை முழுக்க மூடுபனி. எதிர்ல வர்ற பஸ்ஸே தெரியல. ஏற்காட்டுக்கு வெயில் தேடிப் போன முதல் கூட்டம் நாங்களாத்தான் இருக்கும்.

சரி, செடியை மட்டும் எடுத்துட்டுப் போவோம், சேலத்துல வெயிலுக்கா பஞ்சம்னு முடிவு பண்ணினோம். ஆளுக்கு ஒரு நோட்டு. கண்ணுல பட்டதெல்லாம் நோட்டுக்குள்ள போச்சு. அழகா இருக்கா, பறி. வித்தியாசமா இருக்கா, வேரோட பிடுங்கு. இதுதான் எங்க செலக்‌ஷன் பிராசஸ்.

எஸ்டேட் ஓரமா ஒரு மரத்துல, கைக்கு எட்டுற கிளையில, பட்டையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு செடி தொங்கிட்டு இருந்துச்சு. தடிச்ச இலை, வெள்ளையா கயிறு மாதிரி வேர். ஷேப் சூப்பரா இருந்துச்சு. நான்தான் இழுத்தேன். பட்டையோட பெயர்ந்து வந்துச்சு.

அந்தப் பக்கமா வேலை முடிஞ்சு வந்துட்டு இருந்த ஒரு அம்மா நின்னு பார்த்தாங்க.

"அது என்ன செடி கண்ணு?"

"தெரியலைங்கம்மா. காலேஜ்ல பிரிண்ட் போடறதுக்கு."

"பேரு தெரியாததை எதுக்குப் புடுங்கின? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

திட்டல. குரலும் உயர்த்தல. சொல்லிட்டு நடந்து போயிட்டாங்க. நானும் சிரிச்சு மழுப்பிட்டு நோட்டை மூடிட்டேன். அப்பவாவது பின்னாடியே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கல.

அந்தப் பிரிண்ட்தான் எல்லாத்துலயும் நல்லா வந்துச்சு. காலேஜ் ஃபெஸ்ட்ல சுவர்ல மாட்டினோம். வந்தவங்க எல்லாரும் ஒரே கேள்வி: "இது என்ன செடி?" கடைசியில ஒரு சீட்டுல "காட்டுச் செடி"ன்னு எழுதிக் கீழ ஒட்டினோம்.

அப்புறம்தான் தெரிஞ்சது, அது மரத்து மேல வளர்ற ஆர்க்கிட் வகை. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், அதுக்குள்ள சேமிச்ச உணவே கிடையாது. மண்ணுலயோ மரப்பட்டையிலயோ இருக்கிற ஒரு பூஞ்சையோட சேர்ந்தாதான் அது முளைக்கவே முடியும். முளைச்சுப் பூக்க வருஷக் கணக்காகும். நான் பிடுங்கினது ரெண்டு செகண்ட்ல. எந்த ஆர்க்கிட்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. பூ இல்லாம, ஃபோட்டோ கூட எடுக்காம பிடுங்கிட்டேன்.

ஆந்தோடைப்ல இன்னொரு விஷயமும் இருக்கு. அதை நிலைநிறுத்த வழி கிடையாது. எந்த வெளிச்சம் படத்தை உருவாக்குச்சோ அதே வெளிச்சம் அதை அழிச்சுக்கிட்டே இருக்கும். சுவர்ல மாட்டின தாள் சில மாசத்துல வெளுத்துப் போச்சு. இப்போ செடி இல்ல, படம் இல்ல. "காட்டுச் செடி"ங்கிற சீட்டு மட்டும் இருக்கு.

பேர் எதுக்கு?

என் கட்சி இவ்வளவுதான்: பேர் தெரியாத செடியைப் பறிக்காதீங்க. முதல்ல பேரைக் கண்டுபிடிங்க, அப்புறம் பறிக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.

"கலைக்கு எதுக்குப்பா பாட்டனி?"ன்னு என் ரூம்மேட்டே கேட்டான். சரி, இந்தக் கலையை ஆரம்பிச்சவங்களையே பார்ப்போம். ஆனா அட்கின்ஸ்னு ஒரு இங்கிலாந்துப் பெண். ஹெர்ஷல் சயனோடைப்பைச் சொன்ன மறு வருஷமே, 1843-ல, கடற்பாசிகளைத் தாள்ல வெச்சு அச்செடுத்துப் புத்தகமா வெளியிட ஆரம்பிச்சாங்க. புகைப்படங்களோட வந்த உலகத்தோட முதல் புத்தகம்னு அதைத்தான் சொல்றாங்க. அதை அவங்க அழகுக்காகப் பண்ணல. 1841-ல ஹார்வி எழுதின கடற்பாசிக் கையேட்டுல படமே இல்ல. பேரைப் படிச்சா உருவம் தெரியல. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பண்ணினாங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் பாசிக்குக் கீழ அதோட பேர், அவங்க கையெழுத்துல. இன்னைக்கு இன்ஸ்டாவுல நீல நிறத்துல இலை போட்டு லைக் வாங்குற நாம, அவங்ககிட்ட இருந்து நீலத்தை மட்டும் எடுத்துக்கிட்டோம். பேரை விட்டுட்டோம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்துலயே ஆள் இருக்கு. திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல ராபினட் ஹெர்பேரியம்னு ஒண்ணு இருக்கு. அதை ஆரம்பிச்சவர் ஃபாதர் கே.எம். மேத்யூ. அவரும் அவர் குழுவும் காவிரிச் சமவெளியும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளும் அடங்கின பகுதி முழுக்க அலைஞ்சு, செடிகளைச் சேகரிச்சு, 1980-களோட தொடக்கத்துல தமிழ்நாடு கர்நாடிக் பகுதியோட தாவரங்களைப் பத்திப் பல பாகமா புத்தகம் போட்டாங்க. சேர்வராயன் மலையும் அதுல உண்டு. அவங்களும் பறிச்சாங்கதான். ஆனா ஒவ்வொரு தாள்லயும் பேர், இடம், தேதி, சேகரிச்சவர் யாருன்னு இருக்கும். ஒரு காலேஜ்ல இருந்து கிளம்பிப் போய் இதைப் பண்ணியிருக்காங்க. நாங்களும் ஒரு காலேஜ்ல இருந்துதான் போனோம்.

அப்புறம், சேர்வராயன் மலை சும்மா ஒரு பிக்னிக் ஸ்பாட் கிடையாது. வெர்னோனியா ஷெவராயென்சிஸ்னு ஒரு மரம் இருக்கு. பேர்லயே இந்த மலை இருக்கு பாருங்க. கேம்பிள்ங்கிற தாவரவியலாளர் வெச்ச பேர். இந்த மலைப் பகுதிக்கே உரிய, அழியுற நிலையில இருக்கிற மரம். ரோஸ் கார்டனுக்கு ஆயிரம் தடவை போன நம்மள்ல எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கோம்? அந்த மரத்தோட ஒரு கிளை கைக்கு எட்டுற இடத்துல இருந்திருந்தா, சத்தியமா நான் அதையும் ஒடிச்சிருப்பேன்.

"ஒரு இலைதானே!"

இதுதான் அடுத்து வர்ற கேள்வி. நாங்க 38 பேர். ஆளுக்கு 10 செடின்னு வெச்சாலும் ஒரே நாள்ல 380. அதுவும் எல்லாரும் பறிச்சது பஸ் நின்ன இடத்துக்குப் பக்கத்துல, ரோட்டுல இருந்து கைக்கு எட்டுற தூரத்துல. அடுத்த வாரம் இன்னொரு காலேஜ் வரும்.

இதைவிடக் கனமான கேள்வியை ஒரு ஜூனியர் கேட்டான். "அண்ணா, இந்த மலையில பாக்சைட்டே வெட்டி எடுத்தாங்க. 1820-ல காக்பர்ன் கலெக்டர் காபி கொண்டு வந்ததுல இருந்து காடு எஸ்டேட்டா மாறிட்டே இருக்கு. இப்போ ரிசார்ட் மேல ரிசார்ட். நீங்க என்னடான்னா ஒரு இலைக்கு அழறீங்க."

அவன் சொன்னது நியாயம். என் நோட்டுக்குள்ள போனது அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு மலைச் சரிவை வெட்டப் போறாங்கன்னு நாளைக்கு ஒரு செய்தி வருது. அங்க என்ன இருந்துச்சுன்னு யார் சொல்லுவா? "நிறைய பச்சையா இருந்துச்சு சார்"னு சொன்னா எந்த அதிகாரி, எந்தக் கோர்ட்டு கேட்கும்? இந்த இடத்துல, இந்தத் தேதியில, இந்தப் பேருள்ள செடி இருந்துச்சுன்னு சொல்லத் தெரிஞ்சாத்தான் அது பேச்சு. பேர் தெரியாதவனுக்கு ஒரு செடி இருந்ததும் தெரியாது, இல்லாம போனதும் தெரியாது. எஸ்டேட்காரரையும் ரிசார்ட்காரரையும் கேள்வி கேட்கணும்னா, நமக்கு முதல்ல அந்தப் பட்டியல் வேணும். எங்க கிளப் 38 பேரும் 380 செடி பறிச்சுட்டு வந்து, ஒரு வரிப் பட்டியல் கூட எழுதல.

அப்போ எதைத்தான் பறிக்கிறது?

பறிக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. பறிக்க நிறைய இருக்கு.

முதல்ல உண்ணிச்செடி. லாண்டானான்னு சொன்னா சில பேருக்குப் புரியும். ரோட்டோரம் முழுக்க ஆரஞ்சும் மஞ்சளும் ரோஸும் கலந்து சின்னச் சின்னக் கொத்தா பூத்திருக்கும். அது நம்ம ஊர்ச் செடி இல்ல. அமெரிக்கக் கண்டத்துல இருந்து 1800-களோட தொடக்கத்துல அழகுக்காகக் கொண்டு வந்தது. இப்போ காட்டுக்குள்ள மத்த செடியை வளர விடாம மூடிக்கிட்டு இருக்கு. கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுல நிஜ யானை அளவுக்கு யானைகள் செஞ்சு, 2021-ல அதெல்லாம் லண்டன் பூங்காக்கள்ல நின்னுச்சு. அவங்க யானையே பண்ணும்போது நாம ஒரு பிரிண்ட் பண்ண முடியாதா? இலை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், அச்சுல அழகா விழும். ஆனா ஆடு மாடு தின்னா அதுக்கு விஷம், சில பேருக்குத் தோல்ல அரிக்கும். கிளவுஸ் போடுங்க. அதோட காயையும் விதையையும் மலையில இருந்து கேம்பஸுக்குக் கொண்டு வந்து கொட்டிடாதீங்க. முக்கியமா, அம்மாவோட மிக்ஸியில போட்டு அரைக்காதீங்க. எங்க வீட்டுல ஒரு ஜார் போச்சு. அது தனிக் கதை.

அடுத்து சில்வர் ஓக். காபிக்கு நிழலுக்காக எஸ்டேட் முழுக்க வெச்சிருக்காங்களே, அந்த உயரமான மரம். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. இலை பார்க்க ஃபெர்ன் மாதிரியே பிரிஞ்சு பிரிஞ்சு இருக்கும். பறிக்கவே வேண்டாம், கீழே எப்பவும் உதிர்ந்து கிடக்கும். ஃபெர்னைப் பிடுங்கி வாங்குற அதே டிசைனை, குனிஞ்சு பொறுக்கியே வாங்கிடலாம்.

பார்த்தீனியம் மட்டும் வேண்டாம். அதுவும் வெளிநாட்டுக் களைதான், ஆனா அலர்ஜி கிளப்பும். தொடாதீங்க.

மலைக்கே போகாட்டியும் பரவாயில்ல. நம்ம கேம்பஸ் சுவரோரம் தும்பை இருக்கு, குப்பைமேனி இருக்கு, எருக்கு இருக்கு. எருக்கம்பால் கண்ணுல பட்டுடாம பார்த்துக்குங்க, அவ்வளவுதான். இந்தப் பேரெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணா. நாலு வருஷமா அவரைத் தாண்டித்தான் போயிட்டு வந்துட்டு இருந்தேன்.

காட்டுச் செடியைப் பார்க்கணும்னா ஏற்காட்டுலயே பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவோட ஆர்க்கிட் தோட்டம் இருக்கு. பேர்ப் பலகையோட இருக்கும். ஃபோட்டோ எடுங்க, பேரை எழுதிக்குங்க. மத்த இடத்துல ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப்ல ஃபோட்டோ போட்டா, தெரிஞ்சவங்க வந்து பேர் சொல்லுவாங்க. ஆப்பைவிட நல்ல வழி பக்கத்துல நிக்கிற ஆளைக் கேட்கிறது. இந்த மலையில தலைமுறை தலைமுறையா இருக்கிற மலையாளி பழங்குடி மக்கள் பேசுறது தமிழ்தான், கேரளாவுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமில்ல. கேட்கிறதுக்கு நமக்கு மொழிப் பிரச்னையே கிடையாது. வெட்கம்தான் பிரச்னை.

எஸ்டேட்டுக்குள்ள போறதுன்னா அனுமதி கேளுங்க, அது இன்னொருத்தர் நிலம். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம எதையும் பறிக்காதீங்க, அதுக்குச் சட்டமே இருக்கு.

கடைசியா, பிரிண்ட்டோட பின்பக்கம் பென்சில்ல மூணு விஷயம் எழுதுங்க: பேர், எடுத்த இடம், தேதி. ஆந்தோடைப் வெளுத்துப் போகும், தெரிஞ்சதுதான். பென்சில் எழுத்து வெளுக்காது. அந்த மூணு வரி இருந்தா வெளுத்த தாளும் ஒரு பதிவு.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிஞ்சதும் நான் திரும்ப ஏற்காடு போனேன், தனியா, பஸ்ல. அந்த மரத்தைக் கண்டுபிடிச்சேன். நான் இழுத்த இடத்துல பட்டை இன்னும் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கு. அந்த அம்மாவைப் பார்க்க முடியல. மேல, கைக்கு எட்டாத ஒரு கிளையில அதே மாதிரி இன்னொண்ணு தொங்கிட்டு இருந்துச்சு. அது பூக்கிற வரைக்கும் பேர் தெரியப் போறதில்ல. ஜூன்ல நான் வேலைக்குப் போயிடுவேன். அதனாலதான் இதை எழுதுறேன். மரம் எங்க இருக்குன்னு கேட்டா சொல்றேன். யாராவது ஜூனியர் பூக்கிற நேரம் பார்த்துப் போய், கீழ நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க. பேர் தெரிஞ்சதும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அந்தச் சீட்டை மாத்தி எழுதணும்.